கைப்பிடியை அழுத்தாத ஏழு பேர்

மருமகள்: சத்தியமா சொல்லுங்க மாமா, போன வாரம் ஏன் கைப்பிடியை அழுத்தலை?

மாமனார்: தேவைப்படலை. எழுந்தேன், நின்னேன்... அவ்வளவுதான்.

மருமகள்: நீங்க எழுந்ததைத்தான் பார்த்தேனே. முகம் தக்காளி மாதிரி சிவந்துபோச்சு.

மாமனார்: அது வெக்கை.

மருமகள்: ஏசி ரூம்ல வெக்கையா?

மாமனார்: நீ அந்த ரெக்ஸினை ஒழுங்கா இழுத்து ஆணி அடி. சுருக்கம் விழுது பாரு.

மருமகள்: பேச்சை மாத்தாதீங்க. நீங்க ஒருத்தர்னா பரவாயில்லை. ஏழு பேர்! அழுத்தினா சீட்டே தூக்கி விடற நாற்காலியில உக்கார்ந்து, ஏழு பேரும் மூச்சைப் பிடிச்சு, தொடாமலே எழுந்துட்டீங்க. உங்க கூட்டாளி தபால்காரர் எழுந்து சல்யூட் வேற அடிச்சார்.

மாமனார்: அவனுக்கு வாலிபம் திரும்புது.

மருமகள்: நேத்து பார்க்ல அவரை எழுப்ப ரெண்டு பேர் கை கொடுத்தாங்க.

மாமனார்: அந்த பெஞ்சு... பள்ளம்மா.

மருமகள்: சரி, வண்டி வந்துடும். இன்னிக்கு மறு சோதனை. இன்னிக்கும் யாரும் அழுத்தலைன்னா, வயசானவங்களுக்கு இது தேவையில்லைன்னு எழுதி பல்கலைக்கழகம் கையைக் கழுவிடும்.

மாமனார்: கழுவட்டுமே. அவங்களுக்கு வேற வேலையா இல்ல?

மருமகள்: அவங்களுக்கு இருக்கு. எனக்கு?

மாமனார்: உனக்கென்ன, சோபா வேலை...

மருமகள்: சோபா வேலை எங்க வருது? எல்லாரும் கடையில ரெடிமேடா வாங்கிடறாங்க. போன வருஷம் பட்டறையையே பூட்டிடலாம்னு உங்க பிள்ளையும் நானும் பேசிக்கிட்டிருந்தோம்.

மாமனார்: எங்கிட்ட சொல்லவே இல்லையே.

மருமகள்: சொன்னா தூங்குவீங்களா? அப்பதான் பல்கலைக்கழகத்து முதியோர் ஆய்வு மையத்துலேருந்து வந்தாங்க. நாங்க வரைஞ்சு தர்றோம், நம்ம ஊர்ப் பட்டறையிலதான் செய்யணும்னாங்க. பக்கத்துல குழாய்க்காரர் குளியலறைக் கைக்கம்பி செய்யறார். செருப்புக்காரர் வழுக்காத செருப்பு. ரெண்டு பேருக்கும் ஆர்டர் வந்தாச்சு. நான் மட்டும்தான் அந்தரத்துல நிக்கறேன்.

மாமனார்: நாற்காலி பாஸானா?

மருமகள்: ஆஸ்பத்திரி கேக்குது, முதியோர் இல்லம் கேக்குது. இந்தப் பட்டறைக்கு மூச்சு வரும். இல்லைன்னா பூட்டுதான்.

மாமனார்: இதை... முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.

மருமகள்: சொல்லிக்கொடுத்து அழுத்த வெச்சா அதுக்குப் பேர் சோதனையா? இப்பவும் சொல்லியிருக்கக் கூடாது. வாய் அடங்கலை.

ஆய்வாளர்: அக்கா, வண்டி வாசல்ல நிக்குது. ஐயா, கிளம்பலாமா?

மாமனார்: வாம்மா. கண்ணு ஏன் இப்படி வீங்கியிருக்கு?

ஆய்வாளர்: தூக்கமே இல்லை ஐயா. தப்பு கைப்பிடி உயரத்துலயா, ஸ்பிரிங்குலயான்னு கழட்டிக் கழட்டிப் பார்த்துட்டேன். ஒண்ணும் பிடிபடலை.

மாமனார்: தப்பு நாற்காலியில இல்லம்மா...

மருமகள்: என்ன மாமா?

மாமனார்: ஒண்ணுமில்ல. ஆமா, இது பாஸாயிடுச்சுன்னா... சாம்பிள் நாற்காலியெல்லாம் என்ன பண்ணுவீங்க?

ஆய்வாளர்: லேபுக்குத் திரும்ப வாங்கிடுவோம். எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு பார்க்கணுமே. வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த அந்த ஒண்ணையும் சேர்த்து...

மருமகள்: நீ போய் வண்டிக் கதவைத் திறம்மா, சீக்கிரம்.

மாமனார்: இரும்மா. பாஸாகலைன்னா?

ஆய்வாளர்: இருக்கிற இடத்துலயே கிடக்கும். அப்புறம் அது யாருக்கு வேணும்?

மாமனார்: யாருக்கு வேணும்... நல்லாத்தான் கேட்டே. மருமகளே, அந்த போனைக் கொடு. தபால்காரன்கிட்ட பந்தயம் ரத்துன்னு சொல்லணும்.

மருமகள்: என்ன பந்தயம்?

மாமனார்: கைப்பிடியை அழுத்தறவன் ஒரு வாரம் எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்னு...

ஆய்வாளர்: ஐயா! ஒரு டீக்காகவா நான் ஸ்பிரிங்கைக் கழட்டிக்கிட்டிருந்தேன்?

மருமகள்: யார் கட்டின பந்தயம்?

மாமனார்: ...நான்தான்.

மருமகள்: ஏன் மாமா? அந்த நாற்காலி மேல உங்களுக்கு என்ன கோபம்?

மாமனார்: கோபமா... முதல்ல நீ ஒண்ணு சொல்லு. டிவி முன்னாடி இருக்கே என் நாற்காலி, அதைப் போன மழைக்காலத்துல துணி மாத்தித் தர்றேன்னு எடுத்துட்டுப் போனியே. துணி மட்டும்தான் மாத்தினியா?

மருமகள்: அது வந்து... வீட்டுல வெச்சுப் பார்க்க இவங்க கொடுத்த சாம்பிளோட கைப்பிடியையும் ஸ்பிரிங்கையும் அதுல பொருத்தி, துணிக்குள்ள மறைச்சுத் தெச்சேன். கிழவனாக்கிட்டியான்னு கேப்பீங்கன்னு பயந்து...

மாமனார்: ஆயுசு பூரா பஸ் ஓட்டினவன். உக்கார்ற சீட்டுல ஸ்பிரிங் மாறினா தெரியாதா? முதல் நாளே தெரியும்.

மருமகள்: தெரிஞ்சுமா ஒரு வார்த்தை சொல்லலை?

மாமனார்: சொன்னா பிடுங்கிட்டுப் போயிடுவீங்களே. சோதனை பாஸானா திருப்பித் தரணும்னு நீ போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. இப்பதான் யார் கையையும் பிடிக்காம எழுந்து நானே வாசக்கதவைத் திறக்கறேன். அதான், சோதனை ஊத்திக்கட்டும், நாற்காலி வீட்டோட கிடக்கட்டும்னு பார்த்தேன். உன் பட்டறைக்கே உலை வைக்கிறேன்னு எனக்கென்னம்மா தெரியும்? வா, போவோம். இனி எவனும் மூச்சைப் பிடிக்கமாட்டான், அவனவன் முட்டி சொல்றபடி எழுந்திருப்பான். டீ நான் வாங்கறேன். ஆனா ஆர்டர் வந்ததும் நீ செய்யற முதல் நாற்காலி எனக்கு... கைப்பிடியை மறைக்க வேண்டாம், வெளியிலயே வை.