அஞ்சாவதாக வந்த பெரியவர்

சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டி போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். மடியில் தூக்குச்சட்டி, கண்ணில் இன்னும் தீராத தூக்கம்.

“அஞ்சாவதா ஒரு பெரியவரு வந்துட்டாக. அதான் எந்திரிச்சு வெயில்ல போயி நின்னேன்” என்றாள் இளையவள்.

“எங்கன?”

“தூத்துக்குடியிலக்கா. மக கூட்டிட்டுப் போனா. கடலை ஒட்டி ஒரு பார்க்கு. நடுவுல நெழலுக்குச் சின்னதா ஒரு மண்டபம். நானு, மக, மருமகன், பேத்தி, நாலு பேரும் உக்காந்திருந்தோம். கடல் காத்து அம்புட்டு சொகமா அடிச்சுச்சு. எனக்குக் கண்ணைச் சொருகிட்டு வந்துச்சு. அந்நேரம் பாத்து அவுக உள்ள வந்தாக.”

மூத்தவள் சிரிக்கவில்லை.

“நம்ம கம்பெனி வெடிமருந்து ரூமுன்னு நெனச்சிட்டியாக்கும்?”

“எங்க நெனச்சேன்? ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இருவது வருசமாப் பளகுன காலு. அதுவா எந்திரிச்சிருச்சு. பேத்தியையும் இளுத்துட்டு வெளிய வந்துட்டேன். ‘அவுக உன்னைய என்னம்மா செஞ்சாக?’ன்னு மக கேக்கா. என்னத்தச் சொல்ல?”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மூத்தவள் தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த மண்டபத்துக்கு எத்தன வாசலு?”

“செவுரே கெடையாதுக்கா. நாலு பக்கமும் தொறந்து கெடந்துச்சு.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப ஓடுறதுக்கு வழி இருந்திருக்கு. நீ உக்காந்திருக்கலாமே தாயி.”