வாகனத் தரிப்பிடத்தில் எம்மவரோடு நின்ற டொறத்தி அம்மையாருக்கு

ஜேர்மனியின் பனிக்காற்று ஓயாத பிரேமர்ஹாபன் துறைமுக நகரிலே, புகையிலைப் பிடியில் சிக்கியோரைப் பொறுமையோடு பக்கம் நின்று மீட்ட பெருந்தகையே, அதட்டி அறியாத ஆலோசகரே, அன்புக்குரிய டொறத்தி அம்மையாரே, வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் இந்நிலையத்தில் புகைவிடுப்பு ஆலோசகராகப் பணியாற்றி, இப்போது ஓய்வு பெறுகிறீர்கள். மீன் தொழிற்சாலையின் குளிரறைகளில் விறைத்து, ஏச்சை எதிர்பார்த்து வந்த நம் தமிழருக்குக் கதிரை இழுத்துப் போட்டீர்கள். "நான் ஒருநாளும் சிகரெட் பத்தினதில்லை, உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை" என்று தொடங்குவீர்கள். பிறகு இரண்டு மணி நேரம் புத்தி சொல்வீர்கள்.

புகைப்பவர் கூடும் இடத்துக்குப் போகலாகாது என்பது நிலையத்தின் முதல் விதி. மீன் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தபடி உங்களிடம் வந்த குணசேகரம் அண்ணை அதை அப்படியே கைக்கொண்டார். கல்யாணமோ சாமத்தியவீடோ, நம் ஆண்கள் மண்டபத்துக்குள் இருப்பதைவிட வெளியே வாகனத் தரிப்பிடத்தில் சிகரெட்டோடு நிற்பதே அதிகம் என்பதை விதி எழுதியவர் அறியார். தனியாளான அண்ணைக்கு அந்தத் தரிப்பிடமே உறவு. சிகரெட்டை விட்டார், சபைசந்திக்குப் போவதையும் விட்டார், குளிர்காலம் முடியுமுன் மீண்டும் பத்தத் தொடங்கினார். "சிகரெட் இல்லாமல் இருக்க ஏலும் அக்கா. ஆக்கள் இல்லாமல் ஏலாது" என்று உங்கள் முன் அழுதார்.

அடுத்த கல்யாணத்தில், பட்டுச்சேலைக்கு மேல் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு, ஆண்கள் வட்டத்துக்குள் அவரோடு போய் நின்றீர்கள். பெண்கள் கதைத்தார்கள், ஆண்கள் நெளிந்தார்கள், உங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. புகை வரும் பக்கம் நீங்கள் நின்று, அவரை மறுபக்கம் நிறுத்தி, ஊர்ப்புதினம் எல்லாம் கதைத்தீர்கள். ஒவ்வொரு விழாவிலும் அப்படியே நின்றீர்கள். அந்தக் கோடையில் அவர் விட்டது விட்டதுதான். அவரைப் பார்த்து அவருடைய கூட்டாளி அம்புறோசும் விட்டார்.

ஆனால் அம்மையாரே, உங்கள் பிள்ளைகள் தொலைவில் ஸ்டுட்கார்ட்டில்; கணவரோ காலமாகிவிட்டார். போன கிழமை மேசையை ஒதுக்கும்போது, "திங்கட்கிழமை எழும்பி நான் ஆரோடை கதைக்கிறது?" என்று யன்னலைப் பார்த்துக் கேட்டீர்கள். வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

நீடூழி வாழ்க என்று எழுதிவிடுவது எளிது. தனிமையில் நீளும் ஆயுளை உங்களுக்கு வேண்ட எங்களுக்கு மனமில்லை. உடல்நலத்தோடும் பேச்சுத்துணையோடும் பல்லாண்டு வாழ்க என வாழ்த்துகிறோம். உங்கள் கேள்வியைக் குணசேகரம் அண்ணையிடம் சொன்னோம். இம்மடலில் தன் மறுமொழியையும் எழுதச் சொன்னார்: "அக்கா, திங்கட்கிழமை விடிய, இரவு வேலை முடிஞ்சு நேரே உங்களிட்டைத்தான் வாறன். கதவைத் திறவுங்கோ."

உங்களைப் பிரிய மனமின்றி,
புகைவிடுப்பு ஆலோசனை நிலையப் பணியாளர்கள்,
பிரேமர்ஹாபன்.