கிணற்றுக்கட்டில் போட்ட கதிரை

அலைகடல் நான்கு புறமும் அணைத்திருக்கும் நெடுந்தீவிலே, அணுவைப் பற்றி விவாதிக்க அரங்கு அமைத்துத் தந்து, பேசுகிறவர்களைவிட அதிகம் களைத்துப்போய் அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் வல்லிபுரம் ஐயா அவர்களே! திருநீறு துலங்கும் நெற்றியோடும் செபமாலை தாங்கிய கரத்தோடும் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் வைத்த உலையை அயல்வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! வலையைக் கரையில் காயவிட்டு, காதை எங்களிடம் தந்திருக்கும் கடல்மக்களே! எதிரணியில் இருந்து என்னை ஏற்கனவே முறைத்துக்கொண்டிருக்கும் அன்புத்தம்பி நிரோஜன் அவர்களே! அனைவருக்கும் சிவரூபி ரீச்சரின் சிரம்தாழ்ந்த வணக்கம்.

அணுவாயுதப் பரவலைத் தடுக்கும் உடன்படிக்கைகளுக்கு எதிர்காலம் உண்டா, இல்லையா? இதுதானே இன்றைய வழக்கு? உண்டு என்று வாதாட எழுந்த அணியிலே கடைசி ஆளாக நான் நிற்கிறேன்.

தம்பி நிரோஜன் வெளுத்து வாங்கிவிட்டார். குண்டு வைத்திருக்கிறவன் குண்டு இல்லாதவனுக்குப் புத்தி சொல்கிறான் என்றார். கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். இரண்டாயிரத்துப் பதினைந்திலும் இருபத்திரண்டிலும் மாநாடு கூட்டி, வாரக்கணக்காய் வாய் வலிக்கப் பேசி, இணக்கம் காணாமல் எழுந்து போனார்கள் என்றார். அதுவும் உண்மை. மின்சாரத்துக்கென்று அறிவைக் கொடுத்தால் அதையே ஆயுதமாக்க மாட்டார்களா என்றும் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். நம் அரசு இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்புக்குக் கையொப்பமிட்டபோது, கடலுக்கு அப்பால் கூடங்குளத்தை நினைத்து நம் வீடுகளிலே எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்டோம்?

ஆனால் தம்பி, இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் அணுசக்தி முகமை இருக்கும் வியன்னாவுக்குப் போகத் தேவையில்லை. எங்கள் குறிச்சிக் கிணற்றடிக்குப் போனால் போதும்.

என்ன சிரிக்கிறீர்கள்? கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் குறிச்சியிலே குடிதண்ணீர் உவராகிப் போன காலம். மாடுகள் வாயை வைத்துவிட்டுத் தலையை உதறின. வீட்டுக்கு வீடு அதே பேச்சு: மாட்டை விற்போம், தீவை விட்டு வவுனியாவுக்குப் போவோம். என் வீட்டிலும் பெட்டி கட்டியாயிற்று. நான் படிப்பிக்கும் வகுப்பிலே பிள்ளைகள் பாதியாய்க் குறைந்தார்கள். அந்த நேரத்திலே குறிச்சித் தலைவர் தியாகலிங்கம் அண்ணை ஓரிடத்தில் கிணறு தோண்டத் தொடங்கினார். நல்ல ஊற்றுக் கண்ட இடம். ஆனால் குறுக்கே பாறை! பாறையை நெம்பிய அலவாங்கு வளைந்தது, ஆட்களின் முதுகு வளைந்தது, பாறை மட்டும் அசையவில்லை. வெடி வைத்தால் தண்ணீர், வைக்காவிட்டால் வவுனியா.

வெடி வருகிறது என்று கேட்டதும் கரையோரக் குறிச்சி கொதித்து எழுந்தது. ஏன்? முன்னொருமுறை வேறொரு வேலைக்கு வந்த வெடியில் மிச்சம் யாரோ ஒருவருடைய மடியிலே ஏறிக் கடலுக்குப் போனது. மீன் அடையும் கடற்பாறைத் திட்டான பாரிலே வெடித்தது. குஞ்சு குருமான் எல்லாம் வெள்ளை வெளேரென்று மிதந்தன. பிறகு நீண்ட காலம் அந்தப் பக்கம் வலை போட்டவர்கள் வெறுங்கையோடுதான் வந்தார்கள். அவர்களுடைய அச்சம் பொய்யா? இல்லை. எங்களுடைய தாகம் பொய்யா? அதுவும் இல்லை.

பாருங்கள் சபையோரே, ஒரே பொருள்! கிணற்றுக்குள் போனால் உயிர் கொடுக்கிறது, கடலுக்குள் போனால் உயிர் எடுக்கிறது. அணுவும் இதுதான், அணுவைப் பற்றிய அத்தனை வழக்கும் இதுதான்.

கூட்டம் கூடினோம். கூச்சல் போட்டோம். தங்கள் ஆள் ஒருவர் வேலை முடியும்வரை கிணற்றடியில் இருக்கவேண்டும் என்றார்கள் கரையோரத்தார். தியாகலிங்கம் அண்ணைக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"எங்கட கிணத்தைப் பாக்க வாறவை, தங்கட வலை வைக்கிற வாடியளையும் திறந்து காட்டட்டும்" என்றார்.

அங்கே ஓர் அமைதி விழுந்தது, அப்படி ஓர் அமைதி! ஏனென்று பிறகு சொல்கிறேன். அந்த அமைதியைக் கலைத்தவர் மரியமுத்து அக்கா. மீன் விற்கிறவர், ஒருவரையும் இலேசில் நம்பாதவர், என்னிடம் சில்லறை வாங்கினாலே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர். அவர் எழுந்து சொன்னார்:

"கிணறு வெட்ட வேண்டாமெண்டு ஆரும் சொல்லேல்லை. வெடி உள்ளுக்கை இறங்கிறதை நான் பாக்கோணும். மிச்சம் திரும்பிப் போறதையும் நான் பாக்கோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! நூற்றுத் தொண்ணூறு நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் உயிர்நாடி அவ்வளவுதான். ஆக்கத்துக்கு அணுவை எடு, தடுக்கவில்லை. அழிவுக்குப் போகவில்லை என்பதைப் பார்க்க ஆள் அனுப்புவோம்.

கிணற்றுக்கட்டிலே அக்கா உட்கார ஒரு கதிரை போட்டோம். மரியமுத்து அக்கா குடையோடு வந்து குந்தினார். அனுமதிப்பத்திரத்தோடு வந்த வெடிகாரர் பெட்டியைத் திறந்தால் அக்காவின் தலை உள்ளே, மூடினால்தான் வெளியே. முதல் நாள் எங்கள் வீட்டுத் தேநீரைத் தொடவும் இல்லை. அடுத்த நாள், சீனி காணாது, இன்னும் ஒரு கரண்டி போடு என்றார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அக்காவைக் கதிரையோடு, பெட்டி கண்ணில் படும் தூரத்துக்குத் தள்ளி இருத்திவிட்டு வெடி வைத்தார்கள். பாறையின் மேலடுக்கு பிளந்தது. ஆர்ப்பரித்தோம். கொஞ்ச நேரத்திலே டமார், டமார் என்று இன்னும் இரண்டு சத்தம், கடற்பக்கமாக! அவ்வளவுதான். கரையோரக் குறிச்சி ஆண்கள் அத்தனை பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்வேலி தாண்டி ஓடிவந்தார்கள். ஏமாற்றிவிட்டீர்கள், கடலுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று ஒரே இரைச்சல். எங்கள் பக்கமும் மண்வெட்டி உயர்ந்தது. இன்னும் ஒரு வார்த்தை தவறியிருந்தால் கிணறும் இல்லை, உறவும் இல்லை.

மரியமுத்து அக்கா கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

"நான் இதிலைதான் இருக்கிறன். ஒண்டும் வெளியிலை போகேல்லை. அது எங்கட கோயில் வெடி. இண்டைக்குக் கொடியேத்தமெல்லோ? நீங்கள்தானே வாங்கிக் குடுத்தனீங்கள்."

ஆமாம் சபையோரே! தங்கள் திருவிழாவுக்குத் தாங்களே வாங்கிக் கொடுத்த வெடி. கொடியேற்றத்தையே மறந்து ஓடிவந்திருக்கிறார்கள். அங்கே கொடி ஏறுகிறது; கொடி ஏற்றவேண்டியவர்கள் இங்கே மூச்சு வாங்குகிறார்கள். முதலில் சிரித்தவர் தியாகலிங்கம் அண்ணை. பிறகு யார் சிரிக்கவில்லை?

இப்போது சொல்லுங்கள், அந்த நேரம் அண்ணை சத்தியம் செய்திருந்தால் நம்பியிருப்பார்களா? நான் கையடித்துச் சொன்னால் நம்பியிருப்பார்களா? நம்பவைத்தது எங்கள் வாய் அல்ல, அவர்களுடைய கண். சந்தேகப்பட்டவருக்கே கதிரை போட்டுக் கொடுத்தோமே, அதுதான் அன்று சண்டையைத் தடுத்தது.

கதை முடியவில்லை ஐயா, மணியில் கைவைக்காதீர்கள்.

அன்று அந்தியிலே கரையோரத்துப் பெரியவர் ஒருவர் தனியே வந்தார். பெயர் சொல்லமாட்டேன், அவர் இந்தச் சபையில் இருக்கிறார், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் மாட்டேன். கையிலே ஒரு பொட்டலம். வாடிகளைத் திறக்கச் சொன்னபோது ஏன் அந்த அமைதி என்று இப்போது விளங்குகிறதா? அவர் சொன்னது இவ்வளவுதான்.

"எங்கட ஆளைக் கிணத்தடியிலை இருக்க விட்டியள். இதையும் அந்தக் கல்லுக்கே வையுங்கோ."

பொலிசாருக்கு அறிவித்து, வெடிகாரர் சோதித்துப் பார்த்து, கடலுக்கென்று பதுக்கிய வெடி கடைசிப் பாறையைப் பிளந்தது. ஊற்றுப் பொங்கி வந்தது. நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. வீட்டுக்குப் போய்ப் பெட்டியை அவிழ்த்தேன்.

இது நெடுந்தீவில் நடக்கும், உலகத்தில் நடக்குமா என்கிறார் பின்வரிசையில் ஒருவர். நடந்தது ஐயா! ரஷ்யாவின் அணுகுண்டுகளில் இருந்த யுரேனியத்தை வலுக்குறைத்து, அமெரிக்க மின்நிலையங்களுக்கு எரிபொருளாகக் கொடுத்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்காவிலே எரிந்த பத்து விளக்கில் ஒரு விளக்கு அந்தக் குண்டுகளால் எரிந்தது. நகரங்களை எரிக்கச் செய்தது, பிள்ளைகள் படிக்க வெளிச்சம் கொடுத்தது!

தம்பி நிரோஜன், உங்கள் கோபம் எனக்கும் உண்டு. அந்த உடன்படிக்கையின் ஆறாவது உறுப்புரையிலே, ஆயுதக் களைவுக்கு நேர்மையாகப் பேசுவோம் என்று வல்லரசுகள் வாக்குக் கொடுத்தன. கொடுத்த வாக்கு எங்கே? பொட்டலம் இன்னும் வாடிக்குள்ளேதானே இருக்கிறது? கேட்போம்! உரக்கக் கேட்போம்! அணுவாயுதத் தடை உடன்படிக்கையிலே நம் சின்னஞ்சிறு நாடும் சேர்ந்திருக்கிறது; கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அவர்கள் கொண்டுவரவில்லை என்பதற்காகக் கிணற்றடிக் கதிரையைத் தூக்கி எறியலாமா? கதிரை போனால் கண் போகும். கண் போனால் கோயில் வெடிச் சத்தத்துக்கும் ஓடிவருவார்கள், மண்வெட்டி உயரும். நாடுகளின் கையில் இருப்பது மண்வெட்டி அல்லவே!

உடன்படிக்கைக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டீர்கள். தம்பி, நீங்கள் ஆவேசமாகப் பேசி முடித்து, மேசையில் இருந்த செம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தீர்களே, தண்ணீர் எப்படி இருந்தது? நல்ல தண்ணீர் என்கிறார்! நன்றி தம்பி. அது அந்தக் கிணற்றுத் தண்ணீர். எங்கள் அணியின் கடைசிச் சான்றை நீங்களே விழுங்கிவிட்டீர்கள்.

மணி அடித்துவிட்டது. பொறுத்திருந்த தலைவருக்கும், சிரித்தும் சீறியும் என்னைப் பேசவைத்த சபைக்கும், மூன்றாம் வரிசையில் குடையோடு இருந்து நான் கூட்டிச் சொல்கிறேனா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் மரியமுத்து அக்காவுக்கும் என் நன்றியும் வணக்கமும். போகிற வழியிலே எங்கள் கிணற்றடிக்கு எல்லோரும் வாருங்கள். கதிரை அங்கேயே இருக்கிறது. யாரும் இருந்து பார்க்கலாம்.