செனோபியா அம்மையாரின் பட்டறையைப் பூட்டலாமா?

மரியாதைக்குரிய பாதிரியார் அவர்களே, எல் கார்மென் ஊர்த்தலைவர் அவர்களே, மேடையில் கண்ணீரை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் அம்மையாரின் மகள் ஒப்துலியா, பருத்திக் காட்டிலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் பட்டறைத் தோழர்களே!

நான் மொச்சை வியாபாரி. மேடைப் பேச்சு எனக்கு வராது. சரக்கு நல்லதா சொத்தையா என்று சொல்லத் தெரியும். சொல்கிறேன்: பாட்டும் கொட்டும் கற்றுத்தரும் நம் பட்டறையின் தலைவி, மறைந்த செனோபியா அம்மையாரைப் போல ஓர் அசல் சரக்கை இந்தப் பள்ளத்தாக்கு கண்டதில்லை!

பட்டறை நடத்த என் கிடங்கை அவர் எப்படிப் பிடித்தார் தெரியுமா? "ஏய்யா பெனிக்னோ, சனிக்கிழமை சாயங்காலம் உன் மூட்டையெல்லாம் தூங்கத்தானே செய்யுது? நாங்க எழுப்பி விடுறோம்" என்றார். சாவியை வாங்கும்வரை நீட்டிய கையை மடக்கவில்லை!

அங்கே வந்தவுடன் யாரும் பெட்டிமேளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அடித்துவிட முடியாது. முதலில் கைதட்டு. அடுத்தது, பாட்டுக்குப் பதில் குரல். இரண்டும் உடம்பில் ஊறிய பிறகுதான் பெட்டி. "உன் கைய என்னத்துக்குப் பாக்குறே? பாடுறவ வாயைப் பாரு" என்பார்.

டிராக்டர் மெக்கானிக் லியோன்சியோவை மறக்க முடியுமா? மாதா திருவிழாவுக்கு முந்தைய நாள், நாம் தட்டித் தாளம் போடும் காய்ந்த கழுதைத் தாடை எலும்பில் பற்கள் ஆடுவதைப் பார்த்து, நல்லெண்ணத்தோடு அத்தனையையும் பசை போட்டு ஒட்டிவிட்டார்! மறுநாள் கோயில் வாசலில் தாடையை ஓங்கித் தட்டினால் பற்களின் கலகல சத்தம் இல்லை. கதவைத் தட்டியதுபோல 'டொக்'!

"எவன்யா கழுதைக்குப் பல் வைத்தியம் பாத்தது?"

"ஆடிச்சும்மா... நான்தான்..."

"ஆடுறதுக்குத்தான்யா அது! நீயுந்தான் ஆடுறே, உன்னச் செவத்துல ஒட்டிரவா?"

ஊரே சிரித்தது. ஆனால் அம்மையார் அவரைத் துரத்தினாரா? இல்லை! "தாடை பேசாது. நீ பேசு" என்று முன்வரிசைக்கு இழுத்துப் பதில் பாட வைத்தார். இன்று பட்டறையின் கனத்த குரல் யாருடையது? அதே லியோன்சியோவுடையது!

இப்போது எல்லோரும் வாய்க்குள் வைத்திருப்பதை நான் உடைத்துப் பேசிவிடுகிறேன். துக்க வீட்டில் ஓராண்டு கொட்டுச் சத்தம் கூடாது என்பது நம் வழக்கம். பட்டறையும் அம்மாவின் வீடுதான் என்று, ஒப்துலியா பெட்டிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கறுப்புத் துணி போர்த்திவிட்டாள். அந்த மரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், கடையை ஓராண்டு பூட்டினால் என்ன ஆகும் என்று வியாபாரிக்குத் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் சேர்ந்தவர்களுக்கு இன்னும் கைதட்டே பிடிபடவில்லை. காத்திருப்பார்களா? கலைந்துபோவார்கள்!

மேடையேறும் முன் அவளிடம் இதையே சொன்னேன். "அம்மா குழி மண்ணு இன்னும் காயலையே மாமா" என்றாள். மேடைப் படியில் கால் வைத்தபோது அவளே கேட்டாள்: "நான் கறுப்பை அவுக்க மாட்டேன். கறுப்போடயே உக்காந்து பாடுறேன். ஊரு ஏசுனா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

சொல்வேன் அம்மா! பாதிரியார் முன்னிலையிலேயே வாக்குக் கொடுக்கிறேன். ஏசுகிறவர்கள் என் கடைக்கு வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

தோழர்களே! சனிக்கிழமை சாயங்காலம் கிடங்கு திறந்திருக்கும். துக்க உடையிலேயே வாருங்கள். பாட்டை ஒப்துலியா எடுப்பாள். பாதியில் அவள் குரல் உடையும்; உடையட்டும். அந்த இடத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து பதில் பாடுவோம்!