அதெல்லாம் நார்மல்தாம்மா

மகேஷு, அந்தக் கதவைச் சாத்து. நடுவுல எவனாவது 'ஹா'ன்னு கத்தினீங்க... அப்படியே எழுந்து போயிடுவேன், ஆமா.

தொண்ணூத்தொம்பது ஜனவரி. ராத்திரி பன்னெண்டரை. பெங்காலிங்க ஊரு பெஹாலால குளத்தோரமா ஒரு சந்து. பனியில தெருவிளக்கே சரியாத் தெரியல. கரியடுப்புப் புகை நாத்தம். ஒரு ஆளு சைக்கிளை மிதிச்சுகிட்டுப் போறாரு. ஸ்வெட்டர் இல்ல, கால்ல செருப்பு இல்ல. செயின் மட்டும் கறக்... கறக்...

நம்ம ஆபீஸ் கீதாஞ்சலி இருக்கால்ல, அவ பெரியப்பா முனுசாமி. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கில்லாடி. யாராவது போன் பண்ணா, "ரிசீவரை ஃப்ரிட்ஜ் கிட்ட வைங்க"ம்பாரு. காதாலயே கண்டுபிடிச்சிடுவாரு. 'டிக்'னா தெர்மோஸ்டாட். 'களகள'ன்னா உள்ள கேஸ் ஓடுது. 'படக்'னா குளிர்ல பிளாஸ்டிக் சுருங்குது. "அதெல்லாம் நார்மல்தாம்மா, நிம்மதியாத் தூங்குங்க." முக்கால்வாசிப் பேருக்கு இவ்வளவுதான் வைத்தியம்.

அதுல கமலம்மான்னு ஒருத்தங்க. வீட்டுக்காரர் துறைமுகத்துல வேலை பார்த்தவரு, ரிட்டயர் ஆன கையோட போய்ச் சேர்ந்துட்டாரு. பிள்ளை அமெரிக்காவுல. அந்தச் சந்துல தமிழ் பேச ஒரு ஈ காக்கா கிடையாது. தினம் பத்து மணிக்கு இவருக்கு போன் வரும். "முனுசாமி, ஏதோ சத்தம் வருது, கேளேன்." ஃப்ரிட்ஜுக்கு ஒரு கேடும் இல்ல. அந்தம்மாவுக்குத்தான் ஒரு மனுஷக் குரல் வேணும். இவரும் ஒண்டிக்கட்டைதானே... அந்த போன் வந்தாத்தான் இவருக்கும் தூக்கம் வரும்.

அன்னிக்குப் பத்துக்கு வரல. பதினொண்ணரைக்கு வந்துது. இவருக்கு உடம்பெல்லாம் அலுப்பு. அந்தப் பக்கம் பேச்சே இல்ல. வழக்கம் போல ரிசீவரை ஃப்ரிட்ஜ் கிட்ட வெச்சுட்டாங்கன்னு நினைச்சாரு. ஊம்ம்ம்... களகள... அப்புறம்...

டொக்... டொக்... டொக்.

"ஐஸ் விரிசல் விடுதும்மா. நார்மல்தான். தூங்குங்க." வெச்சுட்டாரு.

படுத்தா தூக்கம் வரல. புரண்டு புரண்டு படுத்தவரு, முக்கால் மணி நேரம் கழிச்சு விருட்டுனு எழுந்தாரு. ஐஸ் விரிஞ்சா ஒரு தடவை சத்தம் வரும். விட்டு விட்டு மூணு தடவை தட்டுமா?

அதான் அந்த சைக்கிள்.

பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர் பிஸ்வாஸை எழுப்பி, ரெண்டு பேருமாக் கதவை உடைச்சாங்க. குப்புனு பால் தீஞ்ச வாசனை. ஃப்ரிட்ஜ் காலடியில கமலம்மா... பக்கவாதம். வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. எப்படியோ டயல் பண்ணியிருக்காங்க, பேச முடியல. ரிசீவர் தரையில. மடக்கின விரல் மட்டும் ஃப்ரிட்ஜ் கதவு மேல அப்படியே இருந்துது.

டாக்டர் வந்து பார்த்துட்டு, "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..."ன்னாரு. முடிக்கல. பாவம், முனுசாமிக்கு நெஞ்சு வெந்து போச்சு. அன்னியோட தொழிலை விட்டாரு.

அடுத்த வருஷம் கீதாஞ்சலி பெரியப்பாவைப் பார்க்கப் போய் ராத்திரி தங்கினா. பதினொண்ணரை இருக்கும். சமையக்கட்டுப் பக்கம் சத்தம். டிக்... ஊம்ம்ம்... களகள... ஃப்ரிட்ஜுதானேன்னு திரும்பிப் படுத்தா.

டொக்... டொக்... டொக்.

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தாரு. "இதோ வந்துட்டேம்மா... வந்துட்டேன்." அழுதுகிட்டே சைக்கிளை எடுத்துகிட்டு வெறுங்காலோட கிளம்பிட்டாரு. தினமும் இப்படித்தானாம், அக்கம்பக்கத்துல அப்புறம் சொன்னாங்க. பூட்டிக் கிடக்கிற அந்த வீட்டு வாசல்ல உட்கார்ந்துட்டு, விடியக்காலைல திரும்புவாராம்.

கீதாஞ்சலி எழுந்தா. ஜில்லுனு கொஞ்சம் தண்ணி குடிக்கலாம்னு சமையக்கட்டுக்குப் போய் லைட்டைப் போட்டா...

ஃப்ரிட்ஜே இல்ல. அந்த வீட்ல ஃப்ரிட்ஜ் எப்பவுமே இருந்ததில்லையாம். வெறும் செவுரு. பால் தீஞ்ச வாசனை. செவுத்துல கையை வெச்சுப் பார்த்தா... ஐஸ் மாதிரி.

அவ உள்ளங்கைக்கு அடியில, மெதுவா... டொக்.