இடப்பக்கத்து பிரேக்

— இது பெடல் ரப்பரா அண்ணாச்சி? பப்படம் கணக்காத் தேஞ்சு கெடக்கு. உள்ள இரும்பு தெரியுது பாருங்க.

— அதான் இசக்கி, நேத்து ஷூ வழுக்கிச்சு. முன்னாடி கண்டெய்னர் லாரி நின்னுகினு கீது. கத்துக்க வந்த பொண்ணு ஸ்டீரிங்கப் புடிச்சிகினு அப்டியே குந்திகினு கீது. நான் மெதிக்கிறேன், காலு சர்ருனு நழுவுது. ரெண்டாவது மெதிக்குத்தான் நின்னுச்சு. லாரிக்கும் நமக்கும் ஒரு சாண். ரா முச்சூடும் தூக்கம் இல்ல.

— நீங்க ஒக்காருத பக்கத்து பிரேக்குதான இது?

— ஆமா. டிரைவிங் ஸ்கூல் வண்டியாச்சே. இடப்பக்கம் எனக்கு ஒரு கிளட்ச்சு, ஒரு பிரேக்கு. வலப்பக்கம் ஓட்றவங்களுக்கு. போன ஆயுத பூஜைக்கு நாலு ரப்பரும் நீதான் மாட்டுன. நாலையும் மாத்திடு.

— நாலு வேண்டாம் அண்ணாச்சி. மூணு போதும்.

— இன்னாடா, ஸ்டாக் இல்லியா?

— இருக்கு. இங்கன வந்து குனிஞ்சு பாருங்க. வலப்பக்கத்துல கிளட்ச் ரப்பரு நல்லாத் தேஞ்சிருக்கு. பக்கத்துல பிரேக்கு. நகத்த வச்சுத் தடவுங்க.

— சொரசொரன்னு கீது.

— நான் மாட்டுன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஒரு புள்ளி அழியல. இந்த ஒரு வருசத்துல எத்தன பேரு கத்துக்கிட்டுப் போயிருப்பாக?

— நூறு பேரு இருக்கும்.

— அந்த நூறு பேருல ஒருத்தரும் பிரேக்க மிதிக்கல அண்ணாச்சி.

— சொல்றேன் கேளு. மெதிச்சாங்கடா. பக்கத்துல குந்திகினு நான் பாக்கலியா? பெடல் கீழ போவும், வண்டி நிக்கும்.

— நீங்க மிதிச்சாலும் அந்தப் பெடல் கீழ போவும்லா? ரெண்டையும் சேத்துல்லா கேபிள் இழுக்குது. அவுக சும்மா கால மேல வச்சிருப்பாக. தான் மிதிச்சுத்தான் நிக்குதுன்னு நெனச்சிருப்பாக. நீங்களும் அப்படித்தான் நெனச்சிருக்கிய.

— அப்ப இத்தினி நாளா நிறுத்துனது பூரா என் காலா?

— ஆமா அண்ணாச்சி. எதுக்கு இப்படி முந்திக்கிட்டு மிதிக்கிய?

— பயம்டா இசக்கி. வேற ஒண்ணுமில்ல. எதிர்ல எதுனா வந்தா என் காலு சும்மா இருக்காது. போன மாசம் சத்யப்பிரியான்னு ஒரு பொண்ணு, என் பொண்ணு சுபா வேல செய்ற கம்பெனிதான். மொத டெஸ்ட்லயே பாஸு. ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். டெஸ்ட் அன்னிக்கு இன்ஸ்பெக்டரு பின்சீட்ல, நான் பக்கத்துல, ஒரு எரும குறுக்க வந்துச்சு. அன்னிக்கும் நிறுத்துனது என் காலுதான்.

— அந்தப் புள்ள இப்ப கார் ஓட்டுதா?

— அது கிட்ட ஏது காரு. அந்த மட்டுக்கும் தப்பிச்சோம்.

— சரி, இனிமே கால மடக்கி வச்சுட்டுச் சொல்லிக் குடுங்க. ரப்பரு மாட்டுத வரைக்கும் அந்த ஸ்டூல்ல ஒக்காருங்க.

— டைம் இன்னா இசக்கி?

— ரெண்டே முக்கால்.

— ரெண்டரைக்கு ஷிப்ட் வுட்டிருக்கும். சுபா கிளம்பியிருப்பா.

— கம்பெனி பஸ்ஸுதான? வந்துருவா.

— இன்னிக்கு பஸ் இல்லடா. பழைய கார் ஒண்ணு வாங்குனாளே, இன்னிக்குத்தான் மொத தடவ தனியா எடுத்துகினு போயிருக்கா. காலைல நான்தான் டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு அனுப்புனேன்.

— அவ எந்த வண்டில கத்துக்கிட்டா?

— இதுலதான். பெத்த பொண்ணு வேறயா, கேக்கணுமா? செம்பரம்பாக்கம் ஏரிக்கரையாண்ட ஒரு கோழி தெரிஞ்சாலே நான் மெதிச்சிடுவேன். சூப்பரா பிரேக் போட்டம்மான்னு அவளையே மெச்சிக்குவேன்.

— போனப் போடுங்க அண்ணாச்சி.

— வாணாம். ஓட்டிகினு இருந்தா இன்னா பண்றது? போன் அடிச்சா கை தானா பையத் துழாவும். ரோடு பூரா லாரி.

— காலைல பத்திரமாத்தான போயிருக்கா?

— அஞ்சரை மணிக்கு ரோடு காலிடா. இப்ப அப்டியா?

— அப்ப எந்திரிங்க. என் பைக்குல எதிர்க்கப் போவோம். வழியில பாத்து ஓரங்கட்டச் சொல்லலாம்.

— சரி வா இசக்கி. சீக்கிரம் பைக்க வெளிய எடு.

— அண்ணாச்சி, ஒங்க போனு அடிக்கு.

— யாருன்னு நீயே பாரு. எனக்கு பயமா கீது.

— சுபஸ்ரீதான். ஸ்பீக்கர்ல போடுதேன், பேசுங்க.

— சுபா? எங்கம்மா கீற?

— வண்டிலதாம்ப்பா. பிள்ளைப்பாக்கம் கிட்ட வந்துட்டோம்.

— ஓட்டிகினா பேசற? போன வெச்சிட்டு ஓரமா—

— இருப்பா, நான் ஓட்டல. காலைல கம்பெனி கேட்டாண்ட ஒரு லாரி டக்குனு நின்னுச்சு. எனக்குக் கால எங்க வெக்கிறதுன்னே தெரியல. நீயும் பக்கத்துல இல்ல. மெதுவா போனதால எஞ்சின் ஆஃப் ஆகி தானா நின்னுச்சு. பயந்தே போயிட்டேன். அதான் வரும்போது சாவியக் குடுத்துட்டேன்.

— நல்லா இருப்பம்மா நீ. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. யார்கிட்ட குடுத்த?

— சத்யப்பிரியா அக்காகிட்ட. உன்கிட்ட கத்துகினு மொத டெஸ்ட்லயே பாஸ் ஆச்சுன்னு சொல்வியே, அவங்கதாம்ப்பா ஓட்றாங்க.