கடைசி வீச்சுல லோட்ஷெடிங்

இல்ல மேடம், ஃப்ரெண்டுன்னு எழுதாதீங்க. பொய்யாயிடும். கிட்னி குடுக்க வந்த எடத்துல பொய் சொல்லக் கூடாதில்ல? எதிரின்னு ஒரு கட்டம் இருந்தா அதுல டிக் பண்ணுங்க. இல்லையா? சரி, அப்ப காலியா விடுங்க. நான் சொல்லி முடிச்சதும் நீங்களே பார்த்து ஒண்ணு போட்டுக்குங்க.

நல்லவேளை, கிட்னி குடுக்க அனுமதி தர்ற இந்தக் கமிட்டில நீங்க ஒருத்தராவது தமிழ். எனக்குப் பெங்காலி வராம இல்ல, பொறந்ததே இந்தக் கல்கத்தாலதான். ஜாதவ்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இட்லிக் கடை வெச்சுட்டு பெங்காலி பேசலைன்னா சட்னிகூட விக்காது. ஆனா இந்த விஷயத்தைப் பெங்காலில சொன்னா, மத்த மெம்பருங்க எல்லாம் என்னை மூளை டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க.

கிட்னி வாங்கிக்கப் போற ஹரிஷங்கர் எனக்குச் சொந்தமே கிடையாது, ஒத்துக்கறேன். ஜாதி வேற, தொழில் வேற. அவன் கிடர்பூர் துறைமுகத்துல கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட். சொந்தமில்லாதவன் ஏன் கிட்னி குடுக்கறான், காசு கீசு வாங்கிட்டானான்னு நீங்க கேக்கறது நியாயம்தான். அட, அவன்கிட்ட நான் ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்ல மேடம். அவன்தான் ஞாயித்துக்கிழமை தவறாம என் கடைக்கு வந்து ஓசி காபி குடிச்சுட்டு என்னைத் திட்டிட்டுப் போவான்.

எதுக்கா? ரெண்டு சீனாக்காரங்களுக்காக.

சிரிக்காதீங்க. எண்பத்தெட்டுல எங்களுக்குப் பதினெட்டு வயசு. கிடர்பூர்ல ஒரு கொட்டகைல சீன வாள்சண்டைப் படமா போடுவான். ஒரே பெஞ்சுல நாங்களும் மூட்டைப்பூச்சியும். நீங்க பார்த்ததில்லையா? எல்லாப் படத்துலயும் உலகத்துலயே பெரிய வாள்வீரன் ஒருத்தன் இருப்பான். அவனைவிடப் பெரியவன் இன்னொருத்தன் இருப்பான். ரெண்டு பேருக்கும் வேற ஜோலியே கிடையாது. ஒருத்தன் கல்யாணத்துக்குப் போனான், ஒருத்தன் ரேஷன் வாங்கினான்னு ஒரு சீன் இருக்கணுமே? ம்ஹூம். அரைமணி நேரம் முறைச்சுப்பாங்க. மரத்துலேர்ந்து ஒரு இலை விழும். அப்புறம் சத்திரத்துக்குள்ள பூந்து அடிச்சுப்பாங்க. மேஜை போச்சு, நாற்காலி போச்சு, மாடிப்படி போச்சு. ஓட்டல்காரன் எனக்கு அந்தச் சத்திரக்காரனை நெனச்சாதான் இன்னிக்கும் வயிறு எரியுது. பில்லை யாருகிட்ட குடுப்பான் பாவம்!

அன்னிக்குப் போட்டது அந்தக் கூட்டத்துலயே பெரிய படம். ஒருத்தன் வெள்ளை அங்கி, ஒருத்தன் கறுப்பு. பேரு எங்க வாயில நுழையல, வெள்ளை, கறுப்புதான். ரெண்டரை மணி நேரம் ரெண்டு பேரும் மோதறதுக்கு வழியே இல்ல. கிட்ட வந்தா மழை, இல்லைன்னா ஒருத்தனோட குரு செத்துப் போறாரு. கடைசில மூங்கில் காட்டுல எதிரெதிரா ஓடி வர்றாங்க. உருவறாங்க. சர்ருன்னு ஒரு சத்தம். ஒருத்தனை ஒருத்தன் தாண்டிப் போய், முதுகைக் காட்டிட்டு நிக்கறாங்க. யாரோ ஒருத்தன் விழணும்.

கரண்ட் போயிடுச்சு.

அந்தக் காலத்து கல்கத்தா லோட்ஷெடிங் மேடம், போச்சுன்னா போச்சு. ஒரு மணி நேரம் இருட்டுல வேர்த்து வடிய உக்காந்திருந்தோம். மேனேஜர் மெழுகுவத்தியோட வந்து, ஆஜ் ஆர் ஹோபே நா தாதா, இன்னிக்கு அவ்வளவுதான்னு சொல்லிட்டான். மறுநாள் ஓடினோம். படத்தைத் தூக்கிட்டு வேற படம் போட்டுட்டான்.

முத நாள் வெளியில வர்றப்பவே ஹரி சொல்றான், வெள்ளைதான்டா ஜெயிச்சான், கறுப்போட தோளு ஆடிச்சு, நான் பார்த்தேன்னான். எவன்டா சொன்னான், ஆடினது மூங்கில், ஜெயிச்சது கறுப்புதான்னு நான் சொன்னேன். அதுதான் மேடம். முப்பத்தாறு வருஷம். போட்டோ கேட்டீங்களே, ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்தது, இந்த ஒண்ணுதான் இருக்கு. என் கல்யாணம். நான் ஏன் மாப்பிள்ளைக் கோலத்துல அவனை அப்படி முறைச்சுட்டு நிக்கறேன்னா, கை குடுக்கற மாதிரி வந்து காதுல வெள்ளைதான்டா சிதம்பரம்னான் கடங்காரன்.

போன வருஷம் அவனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு டயாலிசிஸ். அவன் பொண்டாட்டி ஸ்மிதாவுக்கு சுகர், அவளால குடுக்க முடியாது. அவன் அண்ணனோடது பொருந்தல. இப்ப ஞாயித்துக்கிழமை நான்தான் அவன் வீட்டுக்குப் போறேன், ஃபிளாஸ்க்ல காபியோட. அதையும் ரெண்டு வாய்க்கு மேல குடிக்க விடமாட்டேங்கறாங்க. செவுத்தைப் பார்த்துட்டே கெடப்பான். ஆனா, ஏன்டா, கறுப்பு ஒரே வீச்சுல முடிச்சானேன்னு நான் ஆரம்பிச்சேன்னு வெச்சுக்குங்க, படுத்திருந்தவன் எழுந்து உக்காந்துடுவான். மூங்கில் எந்தப் பக்கம் சாஞ்சதுன்னு தலகாணியை வெச்சுக் காட்டுவான். ஸ்மிதா கதவுகிட்ட நின்னு அழுவா. அவன் அவ்வளவு பேசறது அப்ப மட்டும்தான்.

அந்தப் படங்கள்ல ஒரு சட்டம் உண்டு. எதிரி அடிபட்டுக் கெடந்தா வாளை உருவக் கூடாது. கஷாயம் வெச்சுக் குடுத்து, தேத்தி, அவன் நல்லா நின்னப்புறம்தான் மோதணும். நானும் போய் யாருக்கும் சொல்லாம ரத்தம் குடுத்துப் பார்த்தேன். பொருந்திடுச்சு.

பயமா? இல்லாம என்ன. வாள்சண்டைக்கு விசிலடிச்ச ஆளுதான், ஆனா ரத்தத்தைப் பார்த்தா எனக்கு மயக்கம் வரும். கடையில காய் நறுக்கறதுகூட சங்கவிதான். வெளியில உர்ருன்னு உக்காந்திருக்காளே, அவதான் என் பொண்டாட்டி. கையெழுத்துப் போட்டுட்டா, ஆனா மூணு நாளா பேச்சு இல்ல. நேத்திக்கு மட்டும் சொன்னா, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த ஆளு என்கூடல்ல சண்டைக்கு வருவாருன்னு. அது சம்மதம்தான், எனக்குத் தெரியும்.

என்ன எழுதறீங்க? அன்பும் பற்றும் காரணமாவா? சட்டத்துல அந்த வார்த்தைதான் இருக்கா? சரி, உங்க இஷ்டம். அவன் படிக்கறப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேன்.

இன்னும் ஒண்ணு, இதை மட்டும் எழுதாதீங்க. ஆறு மாசம் முன்னாடி என் பொண்ணு மாதவி அந்தப் படத்தை இன்டர்நெட்டுல கண்டுபிடிச்சுட்டா. புதுசா கழுவித் தொடச்சு, முழுசாப் போட்டிருக்கான். கடையைச் சாத்திட்டு நான் தனியாப் பார்த்தேன். கறுப்பு நிக்கறான், நிக்கறான், நம்மாளுதான்னு நான் கையைத் தட்டப் போறேன், பொத்துன்னு மண்டி போட்டுட்டான். வெள்ளைதான் மேடம். முப்பத்தாறு வருஷமா அவன் சொன்னதுதான் சரி. அப்புறம் அந்த வெள்ளை திரும்பி வந்து, செத்தவன் பக்கத்துல உக்காந்துட்டான். ஜெயிச்ச மூஞ்சியா அது? இனிமே யாருகூட மோதறதுன்னு தெரியாம உக்காந்திருக்கான். படம் அப்படியே முடிஞ்சுடுது. எனக்குத் தாங்கல. போனை அணைச்சுட்டேன்.

அடுத்து அவனைத் தனியாத்தானே கூப்பிடுவீங்க? சக்கர நாற்காலில வருவான், தலையைத் தொங்கப் போட்டுட்டு, கேட்டதுக்கு ஆமா, இல்லைன்னுதான் சொல்லுவான். நீங்க ஃபைலைப் பார்த்துட்டே ஒரு வார்த்தை சொல்லுங்க, மேடம். சிதம்பரம் கடைசி வரைக்கும் கறுப்புதான் ஜெயிச்சான்னு சொல்றாரேன்னு.